பத்துக்குப் பத்து

ஹொஸ்னியாவுக்கு ரத்தம் வருகிறது என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை என்று பாரம்பரிய மருந்து ஆதார வாரியம் தீர்மானம் போட்டபோது, அவள் வாரியத்தின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்தது என் நாற்காலி. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அதை மட்டும் தனியாக எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவினேன். வாரியத்தின் முடிவுப்படி பார்த்தால், அன்று நான் சுத்தமான நாற்காலியைத்தான் கழுவியிருக்கிறேன்.

மதுரா தீவின் கிழக்குக் கோடியில், சுமெனெப் பக்கம், கல்யாணத்துக்கும் மார்க்கச் சொற்பொழிவுக்கும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுவது என் தொழில். வாரியம் எங்கள் லெங்கோங் கிராமத்துக்கு வந்த நாள் முதல் அதன் எல்லாக் கூட்டத்துக்கும் நாற்காலி என்னுடையது, மைக் என்னுடையது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுத என்னால் முடியும். யார், எதற்காக, எதனால் யாரை அடித்தார் என்பதும் எனக்குத் தெரியும். பெரும்பாலும் என் நாற்காலியால்தான் அடித்தார்கள்.

எங்கள் தீவுக் குச்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாசிக்காய், வெற்றிலை, வெள்ளை மஞ்சள், படிகாரம் எல்லாவற்றையும் இடித்து, களிமண்ணோடு பிசைந்து, விரல் பருமனுக்கு உருட்டி உலர்த்துவார்கள். பெண்கள் அதை நனைத்துப் பிள்ளை பிறக்கும் வழிக்குள்ளே வைத்து, சற்று நேரத்தில் எடுத்துக் கழுவி வைத்துக்கொள்வார்கள். உள்ளே உள்ள ஈரத்தை எல்லாம் அது உறிஞ்சிவிடும். ஆண்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று பெண்கள் சொல்வார்கள். பெண்களுக்கு அது நல்லது என்று ஆண்கள் சொல்வார்கள். இந்த இரண்டு தரப்பும் இதுபற்றி ஒன்றோடொன்று பேசிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, உலகத்தில் எங்கே பிழைக்கப் போன மதுராக்காரனும் ஊர் திரும்பிவிடுவான். அதற்கு முந்தைய வாரங்களில் குச்சி விற்பனை ஏறும். அந்தப் பருவம் பார்த்துத்தான் வாரியம் வந்தது. குச்சிக்கு விஞ்ஞான ஆதாரம் கண்டுபிடித்து, முத்திரை குத்தி, வெளிநாட்டுக்கு அனுப்பப் போவதாக ஊர்த் தலைவர் சொன்னார். கணவன் மலேசியாவில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் இலவசமாகக் குச்சி கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நிஜக் குச்சி, பாதிப் பேருக்கு வெறும் களிமண் குச்சி. யாருக்கு எது என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியக் கூடாதாம்.

ஹொஸ்னியாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அவள் புகையிலைக் கொட்டகையில் இலை சீவுகிறவள். பச்சை இலைச் சாறு வெட்டுக்காயத்தில் இறங்கினாலும் முகம் சுளிக்காதவள். அவளே, மிளகாய் அரைத்த கல்லை உள்ளே வைத்து உருட்டியதுபோல் இருந்தது என்று பிற்பாடு மருத்துவச்சி ஈராவிடம் சொன்னாள். ஆனாலும் விடவில்லை. கணவன் புசிரி ஜோஹரில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெருநாளுக்கு வருகிறான். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று குச்சி கொடுத்த பெண்மணி சொல்லியிருந்தாள். ஒரு நாள் குச்சியை வெளியே எடுத்தபோது அதோடு தோலும் வந்தது.

சுகாதார நிலையத்தில் ஈரா அவளைப் படுக்க வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாளாம். தடவ வேண்டிய களிம்பும் விழுங்க வேண்டிய மாத்திரையும் ஈராவின் முதுகுக்குப் பின்னாலேயே கண்ணாடி பீரோவில் இருந்தன. பீரோக் கதவில் சிவப்பு அரக்கு முத்திரை.

“வாரியம் வச்ச சீல் எம்பு,” என்றாள் ஈரா. எங்கள் பக்கம் அக்காவை எம்பு என்போம். “குச்சி வச்ச யாருக்கும் சோதனை முடியற வரைக்கும் மருந்து தரக் கூடாதாம். தந்தா ஆதாரம் கெட்டுடுமாம்.”

“புண்ணு?”

“அது கெடலாம்.”

ஈராவின் வேலை நிரந்தரமாக ஒரே ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது. அது வாரியத்தின் கையெழுத்து. அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், அழுதாள், வாரியத்தையே போய்க் கேட்கச் சொன்னாள். ஹொஸ்னியா துணியை அடக்கிக் கட்டிக்கொண்டு கேட்கப் போனாள். பெருநாளுக்குள் இது ஆற வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வாரியத்துக்கு இரண்டு தலை. ஆதாரப் பிரிவுக்கு சுராபாயாவிலிருந்து வந்த பேராசிரியர் ஹந்தோகோ. மரபுப் பிரிவுக்கு, அரண்மனை வம்சத்தில் வந்ததாக அவரே சொல்லிக்கொள்ளும் ராதென் சுலஸ்த்ரி. இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு பூச்சாடி வைக்கும்படி எனக்கு உத்தரவு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாத உயரத்தில் பூ இருக்க வேண்டும்.

ஹொஸ்னியா நின்றபடியே சொன்னாள். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். “வலிங்கறது வலிக்கிறவங்களோட சொந்த அபிப்பிராயம் இபு,” என்றார். “மதிக்கிறேன். ஆனா ஒருத்தர் சொன்னா அது கதை. விஞ்ஞானம் கதை கேக்காது.”

“எத்தனை பேர் சொன்னா கேக்கும் பாக்?” இபு என்றால் அம்மா, பாக் என்றால் ஐயா.

நல்ல கேள்வி என்று அவர் பாராட்டினார். எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்றார்.

சுலஸ்த்ரி அம்மையார் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, குச்சியின் பெருமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். அரண்மனைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் பயன்படுத்தினார்கள் என்றும், அவர்களில் ஒருத்திகூட அரசரிடம் புகார் செய்ததாகக் குறிப்பு இல்லை என்றும் சொன்னார். “எரியுதுன்னு சொல்லாதீங்க இபு. மருந்து உங்ககூடப் பேசுதுன்னு சொல்லுங்க. எங்க பாட்டனாரோட மூணாவது மனைவி, இது பேசினப்போ மூச்சுக்கூட விடல. அப்படியே செத்துப் போனாங்க. அது குடும்பப் பெண்.”

அதன் பிறகுதான் நான் முதலில் எழுதிய தீர்மானம் வந்தது. ஹொஸ்னியா அதுவரை நின்றுகொண்டிருந்தவள், தலை சுற்றி என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற சொல்லை அவள் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள். புகையிலைக் கொட்டகையில் சீவுகிற பெண்களிடம், கத்தியை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல், பச்சையாகக் கேட்டாள். ஒருத்தி சிறுநீர் கழிக்கக் கூடப் பயமாக இருக்கிறது என்றாளாம். அதற்குப் பிறகு கொட்டகையில் கத்திச் சத்தமே இல்லை, பேச்சுதான். அடுத்த கூட்டத்துக்கு ஒரு சிறு லாரி நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். யாராலும் நேராக நடக்க முடியவில்லை. நான் கொண்டுபோன நாற்காலிகளில் யாரும் உட்காரவும் இல்லை.

பேராசிரியர் அவர்களைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். போன வாரம் தனித்தனியாக வந்திருந்தால் எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும் என்றார். “இப்ப என்ன செய்துட்டீங்க? ஒருத்தர் வலியை இன்னொருத்தர் கேட்டுட்டீங்க. வலி கலப்படமாயிடுச்சு. இதை வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“அப்ப நாங்க யாரும் சாட்சி இல்லையா?” என்று கேட்டாள் ஹொஸ்னியா.

“நீங்க சம்பந்தப்பட்ட தரப்பு இபு. உங்க உடம்பு. உங்களுக்கு அதுமேல பட்சபாதம் இருக்கும்.”

எனவே பட்சபாதம் இல்லாத சாட்சி யார் என்று வாரியம் ஆலோசித்தது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பிரிவுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. கணவன்தான். ஆனால் கணவன்மார் மலேசியாவில் இருந்தார்கள். அதற்கும் விதியில் வழி இருப்பதாகப் பேராசிரியர் சொன்னார், மைக்கில் படித்தும் காட்டினார். அந்த விதி, முந்தின வருடம் இதே ஊரில் நடந்த புகையிலை உரச் சோதனைக்கு எழுதியது. அவசரத்தில் உரம் என்ற இடத்தில் மருந்து என்றும், வயல் என்ற இடத்தில் பயனாளி என்றும் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். மற்றதை மாற்ற நேரமில்லை.

“பயனாளியின் உரிமையாளர் ஊரில் இல்லாத பட்சத்தில்,” என்று அவர் படித்தது என் ஒலிபெருக்கியில் பள்ளிவாசல் வரை கேட்டது, “அடுத்த வரப்புக்காரர் நேரில் பார்வையிட்டு, மண்ணைக் கையால் தொட்டு, ஈரப்பதம் சோதித்துச் சான்றளிக்கலாம்.”

கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. அது எங்கள் ஊரில் நல்ல அறிகுறி அல்ல. பேராசிரியருக்கு அது தெரியவில்லை. ஹொஸ்னியாவின் அடுத்த வரப்பு யாருடையது என்று கேட்டார்.

ஆட்டு வியாபாரி மோக்ஸின் அப்போதுதான் கூட்டத்துக்குள் நுழைந்திருந்தான். பயந்த சுபாவக்காரன். உர மானியத்துக்குப் பேர் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்தவன், தன் நிலத்தைப் பற்றிக் கேட்டதும் கையைத் தூக்கினான். “நான்தான் பாக். காலைல வரட்டுமா, சாயங்காலமா?”

புசிரியின் தம்பி மட்ராவி இடுப்புக்குப் பின்னால் கையை விட்டான். அரிவாளின் முதல் வீச்சு என் நாற்காலியின் முதுகைத் துண்டாக்கியது. இரண்டாவது வீச்சில் மோக்ஸினின் இடது காது பாதி போயிற்று. மூன்றாவதை அவன் முழங்கையில் வாங்கிக்கொண்டு, மைக் கம்பத்தைத் தள்ளிவிட்டு ஓடினான். அதற்குள் வேறு வேறு வரப்புக்காரர்களும் வேறு வேறு தம்பிமார்களும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். பல வருடம் பக்கத்து நிலத்தில் ஒன்றாகத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் ஒருவர் பல்லை ஒருவர் உடைத்தார்கள். ஒருவன் தலை என் ஒலிபெருக்கிக் குழாய்க்குள் போய் மாட்டிக்கொண்டது. ரத்தம் வழிய ஓடும்போதும் மோக்ஸின், “ஈரம் பாக்கத்தானேடா சொன்னாங்க, ஈரம் பாக்கத்தானே” என்று கத்திக்கொண்டே ஓடினான். அது அவனுக்கு உதவவில்லை.

வாரியம் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, நடந்ததை மருந்தோடு தொடர்பில்லாத அசம்பாவிதம் என்று குறித்துக்கொண்டது.

மோக்ஸின் குச்சி வைக்காதவன் என்பதால் அவனுக்கு உடனே சிகிச்சை செய்ய அனுமதி கிடைத்தது. ஈரா காதைத் தைத்தாள். ரத்தக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றவள் ஹொஸ்னியா. பேராசிரியர் நலம் விசாரிக்க வந்தார்.

“காக் மோக்ஸினுக்கு மட்டும் எப்படி பாக் அதுக்குள்ள ஆதாரம் கிடைச்சுது?” என்று கேட்டாள். காக் என்றால் அண்ணன்.

“கண்ணுக்கு நேரா தெரியுதே இபு.”

“எனக்கும் பாத்தா தெரியும்.”

பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. “அதை நாங்க எப்படிப் பாக்கறது? உங்க மானம் மரியாதையை நாங்க காப்பாத்த வேண்டாமா?”

தையல் ஊசி நடுவில் நின்றதால் மோக்ஸின் முனகினான்.

மறுநாள் காவல்துறை வந்து ஊரில் உள்ள அரிவாள்களை எல்லாம் வாரியத்தின் பாதுகாப்புக்காக வாங்கிக்கொண்டு போனது. புகையிலை சீவும் கத்திகளும் சேர்ந்து போயின. இலை கொட்டகையிலேயே பழுத்துக் கறுத்து நாறியது. பெண்கள் வேலையில்லாமல் வீட்டில் கால்களை அகற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

இனி கணவன்மாரைத் தொலைபேசியில் கேட்பது என்று முடிவாயிற்று. ஒளிவுமறைவு கூடாது என்பதற்காக, கூட்டத்தில் வைத்து, என் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டார்கள். கேள்வி ஒன்றே ஒன்று. மனைவி குச்சி பயன்படுத்திய பின் கணவனுக்கு ஏற்பட்ட திருப்திக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை மதிப்பெண்?

கணவன்மார் எல்லாரும் வேலைத்தலத்தில், கூடவே தங்கியிருக்கும் இருபது முப்பது பேருக்கு நடுவில் இருந்தார்கள். அப்படி ஒரு இடத்தில் வைத்து ஒரு மதுராக்காரனிடம் உன் வீட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான் என்பதைத் தெரிந்துகொள்ள வாரியம் தேவையில்லை. முதலாமவன் பத்து என்றான். அடுத்தவன், பேராசிரியர் கேள்வியை முடிக்கும் முன்பே பத்து என்றான். ஒருவன் பதினொன்று என்று அடம் பிடித்து, பிறகு இறங்கி வந்தான்.

புசிரியை அழைத்தபோது பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. கேள்வி முடிந்ததும் சுத்தியல் நின்றது.

“நான் ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சே பாக்,” என்றது அவன் குரல்.

“அதெல்லாம் இதுல இடமில்ல. எண்ணை மட்டும் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பதும் எங்கள் ஊர் முழுவதற்கும் கேட்டது.

“பத்து,” என்றான் புசிரி.

“ரெண்டு வருஷமா ஊருக்கே போகல, பத்தாம்ல,” என்றது பின்னாலிருந்த ஒரு குரல். “அந்தப் பத்தை அங்க யாருடா வாங்கிக்கிட்டிருக்கான்?”

அடுத்துத் தொலைபேசி கீழே விழுந்தது. இணைப்பு மட்டும் அறவில்லை. இரும்புக் கம்பி இரும்பில் படுவதும், பிறகு இரும்பில்லாத ஒன்றில் படுவதும், பல பேர் ஓடுவதும், ஒருவன் தாயை அழைப்பதும் வரிசையாகக் கேட்டன. எது புசிரியின் குரல் என்று ஹொஸ்னியா என் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அணைக்கப் போனேன். பேராசிரியர் கை காட்டித் தடுத்தார். பத்து என்பதை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டியிருந்தது.

இப்படி ஆதாரம் வந்து சேர்ந்தது. நிஜக் குச்சி வைத்தவர்களுக்குப் பத்துக்குப் பத்து. களிமண் குச்சி வைத்தவர்களுக்கும் பத்துக்குப் பத்து.

முடிவை அறிவிக்கும் கூட்டம் சுகாதார நிலையக் கூடத்தில் நடந்தது. வெறும் மண்ணுக்கும் பத்து என்றால் குச்சி உதவாக்கரை என்று நிரூபணமாகிவிட்டது என்றார் பேராசிரியர். சுலஸ்த்ரி அம்மையார் சிரித்தார். எங்கள் முன்னோர்களின் மண் மட்டுமே பத்து வாங்குகிறது என்றால் அதன் மகிமையை என்னவென்பது, மண் குச்சிக்கும் சேர்த்து முத்திரை வேண்டும் என்றார். அந்த மண்ணைத் தோண்டியது தன் பிரிவு என்றார் பேராசிரியர். திருட்டு என்றார் அம்மையார்.

“திருட்டைப் பத்தி நீங்க பேசாதீங்க,” என்று பேராசிரியர் எழுந்தார். “எப்படியாவது பலன் தெரியணும்னு குச்சில படிகாரத்தை மூணு மடங்கு போட்டது யாரு?”

“போட்டது தெரிஞ்சும் சோதனை நல்லா சூடு பிடிக்குதுன்னு வாயை மூடிட்டிருந்தது யாரு?”

கூடத்தில் இருந்த பெண்கள் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. மேடையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. பேராசிரியர் பூச்சாடியைத் தூக்கி எறிந்துவிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தார்கள். கண்காட்சிக்கு வைத்திருந்த கருங்கல் குழவியை அம்மையார் எடுத்துப் பேராசிரியரின் மூக்கில் வைத்தார். மூக்கு கன்னத்தின் பக்கம் சாய்ந்தது. மேல்படிப்புப் படித்த உதவியாளர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஒருவர் மற்றவரின் கட்டைவிரலைக் கடித்துத் துப்பினார். ஒருவரை மைக் கம்பியால் கழுத்தைச் சுற்றி இழுத்தார்கள். என் நாற்காலிகளின் கால்கள் தனித்தனியாகப் பறந்தன. அரிவாள்களைப் பறிகொடுத்துவிட்ட எங்கள் ஊர் ஆண்கள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மட்ராவிகூட வாய் பிளந்திருந்தான். தலையில் கட்டோடு வந்திருந்த மோக்ஸின் அவனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, “இவங்களைக் காப்பாத்தத்தான்டா நம்ம அரிவாளை வாங்கிட்டுப் போனாங்க” என்றான்.

ஹொஸ்னியா எழுந்தாள். உடைந்த நாற்காலிக் கால் ஒன்றை எடுத்துக்கொண்டு, சண்டைக்கு நடுவே யாரையும் இடிக்காமல் நடந்து, பக்கத்து அறைக்குள் போனாள். ஈரா பீரோ முன்னால் நின்றிருந்தாள்.

“நகரு.”

ஈரா நகர்ந்தாள். நாற்காலிக் காலால் ஹொஸ்னியா இரண்டே அடி அடித்தாள். கண்ணாடி உடைந்து கொட்டியது. ஹொஸ்னியாவின் முன்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. ஈரா விரலை நீட்டி ஒரு களிம்பைக் காட்டினாள், பிறகு ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினாள். ஹொஸ்னியா இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடிச் சத்தத்தில் கூடம் அடங்கியது. பேராசிரியரும் அம்மையாரும் ஒருவர் தலைமுடியை ஒருவர் விட்டார்கள். வாரியம் ஒரே குரலில் பேசியதை நான் அன்றுதான் கேட்டேன். இரண்டு பிரிவும் சேர்ந்து ஓடிப் போய் உள்ளறைக் கதவைத் தட்டின. “இபு, தொடாதீங்க. தடவிடாதீங்க. அது எங்க ஆதாரம்,” என்று உடைந்த மூக்கால் கெஞ்சினார் பேராசிரியர். வெகு நேரம் கழித்து உள்ளே இருந்து ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. வலியின் பெருமூச்சு அல்ல, வலி விட்டுப்போகிற பெருமூச்சு. ஈரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆதாரத்தை அழித்த குற்றத்துக்காக ஹொஸ்னியாவை விசாரிக்கும் கூட்டம், பெருநாளுக்கு முந்தின நாள் நடந்தது. மீதமிருந்த நாற்காலிகளைக் கொண்டுபோனேன். வாரியம் கட்டுகளோடும் பிளாஸ்திரிகளோடும் உட்கார்ந்திருந்தது. அன்று காலைதான் புசிரி ஜோஹரிலிருந்து வந்து இறங்கியிருந்தான். சிரித்தவனை அவன் அடித்தான், சிரித்தவனின் நண்பர்கள் அவனை அடித்தார்கள். தாடை இரண்டு இடத்தில் உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். உறிஞ்சுகுழல் வழியாகக் கஞ்சி குடித்தான். பேச முடியாது. வேலையும் போய்விட்டது. ஒரு கம்பளியும் மனைவிக்கு ஒரு சோறு பொங்கும் சட்டியும் மட்டும் கொண்டுவந்திருந்தான்.

குற்றச்சாட்டைப் பேராசிரியர் வாசித்தார். சோதனைக்கு உரிய ஆதாரமாகிய புண்களை, அனுமதியில்லாத மருந்து தடவி ஆற்றி அழித்துவிட்டாள் என்பது சாரம். சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று அம்மையார் சேர்த்துக்கொண்டார்.

ஹொஸ்னியா கை கட்டிக்கொண்டு கேட்டாள். “எந்தப் புண்ணு பாக்?”

“உங்களுக்கு இருந்த புண்ணு.”

“எனக்குப் புண்ணு இருந்துச்சுன்னு வாரியம் சொல்லுதா?”

பேராசிரியர் வாயைத் திறந்தார்.

“இருந்துச்சுன்னு மைக்ல சொல்லுங்க. நான் ஜெயிலுக்குப் போறேன். இல்லைன்னு சொன்னா, இல்லாததை எப்படி அழிச்சேன்னு சொல்லுங்க.”

பேராசிரியர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் பூ இருந்த இடத்தைப் பார்த்தார். புதிய பூச்சாடி வாங்கியிருக்கவில்லை. லாரியில் வந்த அதே பெண்கள் இப்போது பின் வரிசையில் நின்றிருந்தார்கள். எல்லாரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் என்னவோ திறந்துதான் இருந்தது. அதில் பேராசிரியரின் மூக்கு விசில் அடிப்பது மட்டும் கேட்டது.

வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. எந்தத் தேதிக்கு என்று சொல்லவில்லை. தோற்ற மாதிரி இருக்கக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, பேராசிரியர் புசிரியின் பக்கம் திரும்பினார். உரிமையாளர் நேரில் வந்திருப்பதால், தொலைபேசியில் சொன்ன பத்தை அவர் நேரிலும் உறுதி செய்தால் ஆதாரம் முழுமை பெறும் என்றார். பேச முடியாவிட்டால் பரவாயில்லை, விரலால் காட்டலாம்.

புசிரி எழுந்து மேஜை அருகே வந்தான். மனைவியைப் பார்த்தான். கையைத் தூக்கினான். விரல்கள் மடங்கியிருந்தன.

“பூஜ்யமா?” பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். “முன்னே பத்து, இப்ப பூஜ்யமா? குச்சிக்கா இந்தப் பூஜ்யம்?”

“இல்ல பாக், உங்களுக்கு,” என்றாள் ஹொஸ்னியா.

முஷ்டி வந்து சேர்ந்தது. மூக்கு ஏற்கெனவே உடைந்திருந்ததால் வாரியம் இதைத் தனி நிகழ்வாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி நடக்கும்போது அவர்கள் இரண்டு பேருக்குப் பின்னால் தள்ளுவண்டியில் நாற்காலிகளோடு நான் வந்தேன். முச்சந்தியில் புசிரி நின்றான். அவளுடைய கட்டுப் போட்ட கையைத் தொட்டான், பிறகு தலையைச் சற்றுக் கீழே அசைத்து, புருவத்தைத் தூக்கிக் கேட்டான்.

“முன்ன மாதிரி இல்ல,” என்றாள் அவள். “இன்னும் கொஞ்சம் எரியுது.”

அவன் தலையாட்டினான். வீட்டுக்குப் போனதும், கொண்டுவந்த கம்பளியை அவளிடம் கொடுத்துவிட்டு, தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முற்றத்துத் தொழுகைக் கொட்டகைக்குப் படுக்கப் போனான். ரெண்டு வருஷம் கழிச்சு வந்தவன் பாயைத் தூக்கிட்டு எங்க போறான் என்று மட்ராவி முற்றத்தில் நின்று கேலியாகக் கேட்டான். புசிரி அவனுக்கும் அதே கையைத் தூக்கிக் காட்டினான். மட்ராவி வீட்டுக்குள் போய்விட்டான்.

பெருநாள் முடிந்து வாரியம் கிளம்பிப் போன பிறகு அறிக்கை வந்தது. குச்சி முத்திரைக்குத் தகுதியானது என்று இருந்தது. ஹொஸ்னியாவைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது. ஈரா சுகாதார நிலையத்து வரிசையில் நின்ற பெண்களுக்கு அதைப் படித்துக் காட்டினாள்: பயன்படுத்திய பெண் பூரண நலத்துடன் இருக்கிறார். கணவர் வாய்மொழியாக எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை.

பீரோவுக்குப் புதுக் கண்ணாடி போட வாரியத்தின் அனுமதி வேண்டும். கேட்டு எழுதியிருப்பதாக ஈரா சொன்னாள். எப்போது எழுதினாய் என்று கேட்டேன், அவள் வரிசையை முன்னால் வரச் சொன்னாள். வரிசையில் முதலில் நின்ற பெண் அவளைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். அரக்கு முத்திரை கதவில் உடையாமல் அப்படியே இருந்தது. ஈரா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

“கண்ணாடி விளிம்பு வெட்டும்,” என்றாள். “பாத்து கையை விடுங்க.”